ஹம்னா எடுத்த இரண்டாம் நாள் ரத்தம்

மேடையில் இருக்கும் டாக்டர் உலகநாதன் அவர்களே, ஹம்னாவின் அண்ணன் சுஹைப் அவர்களே, சதுரங்கப்பட்டினத்திலிருந்து வந்திருக்கும் உறவினர்களே, கல்லீரல் மாற்று வார்டுக் குடும்பங்களே, எல்லோருக்கும் வணக்கம். நான் விஜயகுமாரி. திருக்கழுக்குன்றம். பள்ளிப் படிப்பு எட்டாவது வரைதான்; மற்றதெல்லாம் நானாகப் படித்தது.

ஆய்வக அலுவலராக இருந்த ஹம்னாவைப் பற்றிப் புகழ்ந்து பேசச் சொன்னார்கள். பேசுகிறேன். ஆனால் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அவள் மேல் பொறாமை.

இரண்டு வருடத்துக்கு முன் என் கணவர் ஜெகதீசனுக்கு இந்த மருத்துவமனையில்தான் கல்லீரல் மாற்றினார்கள். வேளாவேளைக்கு வரும் ரத்தப் பரிசோதனை எண்களை ஒன்றுவிடாமல் நோட்டில் எழுதினேன். ஹம்னா தன் ஆய்வுக்குத் தனியாகக் கொஞ்சம் ரத்தம் எடுப்பாள். புதுக் கல்லீரல் கெடப்போவதை முன்கூட்டியே காட்டும் பொருள்கள் ரத்தத்தில் இருக்கின்றனவா என்று தேடும் ஆய்வு. மாற்றிய மறுநாள்தான் முதல் நாள்; அன்று எண் ஏறும், இரண்டாம் நாள் இறங்க வேண்டும் என்பாள். நான் கேட்டதும் அவற்றையும் என் நோட்டில் எழுதித் தந்தாள்.

இவரோ, "அந்தப் பொண்ணு குத்தினா எறும்பு கடிச்ச மாரிகூட இல்ல விஜயா. உன்ன மாரி நசநசன்னு கேள்வி கேக்கறதும் இல்ல" என்றார். எப்படி இருந்திருக்கும் எனக்கு?

இரண்டாம் நாள் செவ்வாய்க்கிழமை, கிருத்திகை வேறு. ஆய்வுக்கு ரத்தம் எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். முருகன் பெயரைச் சொன்னேன். முருகனா வேண்டாம் என்றார்? என் எரிச்சல்தான் சொன்னது.

கீழே பிள்ளையாருக்கு விளக்கேற்றிவிட்டு வருகிறேன், இவர் கையில் பஞ்சு ஒட்டியிருக்கிறது.

"என்னைக் கேக்காம எப்டிம்மா எடுப்பே?"

"ஜெகதீசண்ணன்தான் கூப்ட்டு கைய நீட்னாரு. அவரு ஒடம்புதானே, அக்கா? திட்டறத சேத்து வெச்சிக்கினு இரு, இத மெஷின்ல போட்டுட்டு வந்துடறேன்."

வரவில்லை. டாக்டர்தான் ஓடி வந்தார். எண் இறங்கவில்லை, இரண்டு மடங்காகியிருந்தது. ஸ்கேன் எடுத்தார்கள். கல்லீரலுக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு. மதியத்துக்குள் மறுபடி திறந்து சரிசெய்தார்கள். மற்ற பரிசோதனைகளில் தெரிய இன்னும் ஒரு நாள் ஆகியிருக்கும் என்றார் டாக்டர். அந்த ஒரு நாளை என் கணவரிடமிருந்து பறிக்கப் பார்த்தவள் நான்.

அதோ, மூன்றாவது வரிசையில் இருக்கிறார். என் அப்பா போனபோதுகூட இவர் இப்படி அழவில்லை. இப்போதும் எரிகிறது, என்ன செய்ய? முதல் நாள் எண் என் நோட்டிலும்தான் இருந்தது. எழுத எனக்குத் தெரிந்தது. எதற்குக் காத்திருக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. ஒருமுறைகூட நான் அவளுக்கு நன்றி சொல்லவில்லை.

போன வாரம் மாரடைப்பு அவளைக் கொண்டுபோய்விட்டது. வயது முப்பத்தெட்டு. அவள் ஆய்வுக்கு இன்னும் நாற்பது பேர் வேண்டுமாம். அந்த நாற்பது வீட்டாரோடும் உட்கார்ந்து பேசுவது என் பொறுப்பு. டாக்டர் முன்னால் வாக்குக் கொடுக்கிறேன்.

கடைசி வரிசையில் இருக்கும் ஜெனிஃபர், நேற்று உன் கணவருக்குக் கல்லீரல் மாற்றியிருக்கிறார்கள். ஹம்னா இல்லை என்றதும் ஆய்வுக்கு ரத்தம் தர வேண்டாமென்று நீ அவரைத் தடுத்ததாகக் கேள்விப்பட்டேன். நாளைக்கு இரண்டாம் நாள், அம்மா. அவள் அளவுக்கு எனக்குப் பேச வராது. ஆனாலும் கூட்டம் முடிந்ததும் போய்விடாதே. நானும் உன்னோடு மேலே வார்டுக்கு வருகிறேன்.