கரி புகையாது

மழை பெய்த மறுநாள் வயலில் கால் வைக்கக் கூடாது. ஈர மண் மிதிபட்டால் இறுகிவிடும். அப்புறம் எத்தனை உழவு போட்டாலும் பழைய பொலபொலப்பு வராது. அன்று உங்கள் போலீஸ்காரர்கள் வண்டியையே உள்ளே இறக்கினார்கள். மூன்று பேரைத் தூக்கிவர வேண்டியிருந்தது, அவசரம், புரிகிறது. அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. உங்கள் அறிக்கையில் என் தம்பியைக் 'கவனக்குறைவானவர்' என்று எழுதியிருக்கிறீர்கள். அவன் அப்படிப்பட்டவன் இல்லை. செத்தவன் மேல் வீண்பழி நிற்கக் கூடாது என்றுதான் வந்தேன்.

எங்கள் பக்கத்து நிலமெல்லாம் பாதுகாக்கப்பட்ட விளைநிலம். சட்டத்துக்கு முன்பே இருந்த வீடு இருக்கலாம். புதிதாக ஒன்று கட்டக் கூடாது. அப்பாவின் வீடு என் பாகத்தில் வந்தது. தம்பி பாகத்தில் உரமூட்டை போட்டுவைக்கும் மண்சுவர்க் கொட்டகை மட்டும்தான். நகரத்தில் வேலை போய், மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு வந்து, வீடு கட்ட அனுமதி கேட்டான். உள்ளூர்க் குழுவுக்கு நான் தலைவன். முடியாது என்று முதலில் கை தூக்கியதும் நான்தான். சொந்தத் தம்பிக்கு வளைந்துகொடுத்தால் நாளைக்கு யாரை நிமிர்ந்து கேட்பது?

கொட்டகையிலேயே தங்கிக்கொண்டார்கள். அதற்குத் தடையில்லை. எங்கள் விதிப்படி ஒரு கட்டடத்தை வீடாக்குவது கூரையோ கதவோ அல்ல, அடுப்பு. அடுப்பு இருந்தால் வீடு, இடிக்கலாம். இல்லையென்றால் கொட்டகை.

சோதனைக்கு ஆள் வரும்போதெல்லாம் தம்பி விறகடுப்பைச் சாக்குக்கு அடியில் தள்ளிவிட்டு வாசலில் வந்து நிற்பான்.

"அடுப்பு இருக்கா?" என்பார் என்னோடு வரும் குழு எழுத்தர்.

"எங்க சார்? அடுப்புல பூனை தூங்குதுன்னு சொல்லிக்கக்கூட ஒரு அடுப்பு இல்ல. பாவம், அது வெறுந்தரையில தூங்குது."

எழுத்தரே சிரித்துவிடுவார். மகளுக்கும் பாடம் சொல்லிவைத்திருந்தார்கள். ஓயாமல் பேசுவதால் அவளைக் குருவி என்போம். கேட்காமலேயே ஓடிவந்து, "பெரியப்பா, எங்ககிட்ட அடுப்பே இல்ல" என்பாள். தலைமுடியில் வெங்காயம் வதங்கிய வாசனை அடிக்கும்.

தம்பி மனைவிக்குக் கொஞ்சம் வாய். "ஏன் மாமா, எலிக்கும் எறும்புக்கும் இந்த நெலத்துல வீடு இருக்கு. உங்க தம்பிக்குத்தான் இல்லையா?" என்று ஒருநாள் கேட்டாள்.

"எறும்பு சமைக்காதும்மா" என்றேன். தம்பிதான் முதலில் சிரித்தான்.

அதன்பிறகு மேலிடம் விதியைத் தளர்த்தியது. சில வருடம் தானே உழுது பயிரிட்டவர் தன் நிலத்தில் ஒரே ஒரு வீடு கட்டிக்கொள்ளலாம். தம்பி உழுதிருந்தான். என் அவரையைவிட அவன் அவரை நன்றாகக் காய்த்தது, மறைப்பானேன். கடைசிச் சோதனையில் அடுப்பு அகப்படாவிட்டால் அனுமதி கையில். அதற்குள் செங்கல் கொண்டுவந்து இறக்கிவிட்டான். நான் போய் ஒரு கல்லைப் புரட்டினேன். அடியில் புல் வெளுத்துக் கிடந்தது. ஒரு கல்லுக்கே இப்படி. ஒரு வீடு வந்தால் அதற்கு ஒரு பாதை வரும், பாதை வந்தால் அதன் ஓரத்தில் இன்னொரு வீடு வரும்.

அடுப்பைக் காட்டிக்கொடுத்திருக்கலாமே என்பீர்கள். கொட்டகையைத்தானே இடிப்பார்கள்? நிலம் அவனுடையதாகவே இருக்கும், மறுபடி கேட்பான். தவிர, கூடப்பிறந்தவனைக் காட்டிக்கொடுப்பது பாவம்.

அவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன்: "விறகு புகைஞ்சு ஊரைக் கூட்டிடும்டா. கரி வாங்கு. கரி புகையாது. சோதனை முடியற வரைக்கும் கதவு ஜன்னல சாத்திட்டுச் சமைங்க, வாசனை வெளிய வராது."

"நீ எங்க பக்கமாண்ணா?"

"தான் ஆடாட்டியும் தன் சதை ஆடும்ல."

அவன் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

இப்போது உங்கள் அறிக்கைக்கு வருகிறேன். மூடிய அறையில் கரி எரிந்தால் ஆளைக் கொல்லும் என்று அவனுக்குத் தெரியும். அதனால்தான் பின்சுவரில், கூரைக்குக் கீழே, கையகலத்துக்கு ஓட்டை போட்டு வைத்தான். உங்கள் ஆட்கள் அதைப் பார்க்கவில்லை. பார்த்திருக்க முடியாது. முந்தின நாள் சாயங்காலம் நான் அதை மண்ணால் அடைத்துவிட்டேன். எங்கள் மண்ணில் களி அதிகம். ஈரத்தில் பிசைந்து அப்பினால் சுவரோடு சுவராக நிற்கும். மேலே சாரலும் அடித்ததால் எல்லாம் ஒரே நிறம். மண் அவன் பாகத்து மண்தான், வேறெங்கிருந்தும் எடுக்கவில்லை.

மூன்று பேருக்கும் கொள்ளி வைத்தது நான். அழுதது நடிப்பில்லை. எனக்கு இருந்தது ஒரே தம்பி. செங்கல்லைத் திருப்பி அனுப்பிவிட்டேன். எங்கள் இரண்டு பாகத்துக்கும் நடுவே இருந்த வரப்பையும் வெட்டிவிட்டேன். துண்டாகக் கிடந்தால் உழுவது சிரமம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஓட்டையை அடைத்த அன்று ராத்திரி குருவி எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டாள். மழை வலுத்தது. "விடற மாதிரி தெரியல, புள்ள இங்கயே படுத்துக்கட்டுமே" என்றாள் என் மனைவி. குருவிக்கும் ஆசைதான்; என் கையைப் பிடித்துத் தொங்கினாள். நான் யோசித்தேன். அவன் பாகத்துக்கு அவள்தான் வாரிசு. வளர்ந்தால் அவளும் ஒரு வீடு கேட்பாள்.

"வேணாம், அவங்க அம்மா தேடுவா" என்றேன்.

என்னைக் கல்நெஞ்சக்காரன் என்று நினைத்துவிடாதீர்கள். வழியெல்லாம் சேறு. பிள்ளை வழுக்கி விழுந்துவிடக் கூடாதென்று தூக்கிக்கொண்டேன், நனைந்துவிடக் கூடாதென்று குடை முழுவதையும் அவள் பக்கமே சாய்த்துப் பிடித்தேன். தம்பி மனைவி கதவைத் திறந்தாள். உள்ளே கரி கனன்றுகொண்டிருந்தது. குழந்தையை அவள் கையில் கொடுத்துவிட்டு, "சட்டுனு சாத்திக்கம்மா, புள்ளைக்குக் குளிரப்போகுது" என்றேன்.