அஞ்சு குழி

கேளுங்கப்பா. வெள்ளைக்காரன் இந்தப் பக்கம் காலெடுத்து வைக்காத காலம். கீரனேந்தல்னு ஒரு ஊரு, நம்ம ஊருதான். மேலத்தெரு, கீழத்தெருன்னு ரெண்டு தெரு. ரெண்டுக்கும் ஒரே கண்மாய். அதுதான் வினையே.

எந்தத் தெருக்காரன் ஊருக்குத் தலைவனோ, அதாவது அம்பலமோ, அந்தத் தெருவுக்குத்தான் மொதத் தண்ணி. யாரு அம்பலம்னு எப்படி முடிவு பண்ணுவாங்க? அரிவாளெடுத்து வெட்டிக்கிட்டுத்தான். வெட்டுல நிக்கிறவன் அம்பலம். அப்படிப் போன வெட்டுல ஒருத்தர் செத்தாரு. அவரு மகன் சேவுகன். மேலத்தெருக்காரன்.

அப்பனுக்குக் கொள்ளி வச்சுட்டு வந்து சேவுகன் சொன்னானாம்: "இனிமே வெட்டு வேணாம். வீட்டுக்கு ஒரு புளியங்கொட்டை. எனக்கு ஒரு பானை, கீழத்தெரு முத்திருளாண்டிக்கு ஒரு பானை. பானை வாயை மூடின துணிக்குள்ள கைய விட்டுப் போடட்டும். எந்தப் பானையில கூடவோ அவன் அம்பலம்."

மேலத்தெருவே கொதிச்சுதாம். "ஏய், நம்ம நாப்பத்தஞ்சு வீடு, அவங்க நாப்பத்தாறு. கூட்டிக் கழிக்கத் தெரியாதா ஒனக்கு?"

"தெரியும். எதிர்த்தெருவுல ஒரு வீட்டைப் பேசி இழுக்க முடியாதவன் என்னத்துக்கு அம்பலம்?" அப்படின்னானாம்.

போனான். ஒவ்வொரு வீடா ஏறி எறங்கினான். கீழத்தெருவுல ஒரு வீடும் மசியல.

அந்த வருசம் மழை இல்ல. கண்மாய்ல கெடந்தது ஒரு தெருவுக்கான தண்ணிதான். சனங்க புளியங்கொட்டையை வறுத்து இடிச்சுத் தின்னுக்கிட்டுக் கெடந்த நேரம். இதை ஞாபகம் வச்சுக்கங்க.

கரையில ரெண்டு பானை வச்சாச்சு. அந்தப் பக்கம் கீழத்தெரு, இந்தப் பக்கம் மேலத்தெரு. அத்தனை பேரு இடுப்புலயும் அரிவாள். உச்சி வெயில். போட்டாங்க. கொட்டி எண்ணினாங்க. முத்திருளாண்டி பானையில நாப்பத்தாறு. சேவுகன் பானையில அம்பது.

மேலத்தெரு குலவை போட்டுச்சாம். முத்திருளாண்டி கேட்டான்: "நில்லுங்க. அம்பதும் நாப்பத்தாறும் எத்தனை? தொண்ணூத்தாறு. வீடு தொண்ணூத்தொண்ணு. அஞ்சு எங்கேருந்து வந்துச்சு?"

"ஓம் பானையில கெடக்கும்!"ன்னுச்சு மேலத்தெரு.

"ஒங்க பானையில கெடக்கும்!"

அரிவாள் வெளிய வந்துருச்சு. பொம்பளைங்க பிள்ளைகளை இழுத்துக்கிட்டு ஓடுறாங்க. சேவுகன் மட்டும் உக்காந்தே இருந்தானாம். தன் பானைக் கொட்டைகளை உள்ளங்கையில உருட்டுறான். ஒண்ணு கறுத்து, தோலு வெடிச்சிருக்கு. எடுத்து வாயில போட்டான். கடிச்சான். நொறுங்கிருச்சு.

வறுத்த கொட்டை. யாரு போட்டதுன்னு அவனுக்குத் தெரிஞ்சுபோச்சு. மச்சினன் சாத்தையா. பக்கத்துலதான் நிக்கிறான், முகமெல்லாம் வேர்த்து. அவசரத்துல வறுத்த சட்டியிலேயே கைய விட்டிருக்கான், பயபுள்ள!

முழுங்கியிருக்கலாம்ல? முழுங்கியிருந்தா அவந்தான் அம்பலம், அவன் தெருவுக்குத்தான் தண்ணி.

துப்பினான். கையில வாங்கி முத்திருளாண்டி கிட்ட நீட்டினான். "பாத்துக்க. வறுத்தது. இன்னும் நாலு இருக்கு என் பானையில. என் ஆளுக போட்டது. நான் தோத்துட்டேன்."

சாத்தையா அரிவாளை ஓங்கிட்டானாம். "மாமா! எங்க அக்காவும் பிள்ளைகளும் என்னத்தைக் குடிக்கும்?"

"வெட்டுறா. எங்கப்பனை வெட்டின எடம் இதுதான். ஆனா வெட்டிட்டு நாளைக்கு இன்னொரு பானை வைக்க முடியுமா ஒன்னால? கீழத்தெருக்காரன் நம்பிக் கொட்டை போடுவானா?"

அரிவாள் ஓங்கினபடியே நின்னுச்சாம். அப்புறம் கீழ விழுந்துச்சு.

மடை திறக்கிற கம்பைத் தூக்கி சேவுகனே முத்திருளாண்டி கையில கொடுத்தான். தண்ணி கீழத்தெருவுக்குப் போச்சு. மேலத்தெரு வயல் காஞ்சுச்சு. சேவுகன் வயலும் காஞ்சுச்சு. சும்மா இனிப்பாச் சொல்ல மாட்டேன், அந்த வருசம் மேலத்தெருவுல பட்டினி. ஆனா ஒரு கழுத்தும் அறுபடல. அடுத்த தடவ பானை வச்சப்போ, கீழத்தெரு வீடுக ஒம்போது சேவுகன் பானையில போட்டுச்சாம்.

முத்திருளாண்டி என்ன பண்ணினான் தெரியுமா? அந்தத் தொண்ணூத்தாறு கொட்டையையும் கரையோரம் வரிசையா ஊனச் சொன்னான். நல்லதுல முளைக்காததுக்கு வேற கொட்டை வச்சாங்க. வறுத்தது அஞ்சு, அதுக்கு மட்டும் வேற வைக்கக் கூடாதுன்னுட்டான். இப்பவும் போய்ப் பாருங்க. புளியமர வரிசையில அஞ்சு எடம் வெறுசாக் கெடக்கும். அதுதான் அஞ்சு குழி.

இன்னைக்கும் தோத்தவந்தான் ஜெயிச்சவன் கையில மடைக்கம்பைக் கொடுக்கணும். அதுக்கு முன்னாடி, மொதக் கொட்டை ஒரு வீட்டுக்காரந்தான் போடணும். அந்த வெறுங்குழியில நின்னு, கைய விரிச்சு, ஒத்தக் கொட்டைதான்னு ஊருக்கே காட்டிட்டுப் போடணும்.

எந்த வீடுன்னு கேக்குறீங்களா? சாத்தையா வீடு. எங்க வீடு. நாப்பது வருசமா அந்தக் குழியில நிக்கிறது நாந்தான்.