முப்பாட்டியின் பேர்

"என் எச்சில அமெரிக்காவுக்கு அனுப்பச் சொல்றியே, வெக்கமா இல்ல?"

அஜ்மான் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருந்தவர் மனைவியிடம் கேட்டார். அவள் மடியில் மூடி போட்ட சின்னக் குழாய் ஒன்று இருந்தது.

"நமக்கு எழுதுன அந்த அமெரிக்காக்காரம்மா அவங்க தாத்தாவோட தாத்தாவத்தாங்க தேடுறாங்க. வெள்ளக்காரன் காலத்துல அமெரிக்காவுல இருந்து மதுரைப் பக்கம் வந்த டாக்டராம். எச்சில டி.என்.ஏ. டெஸ்ட் பண்ணி, ஒங்க குடும்பத்துல அவரு ரத்தம் இருக்கான்னு பாக்கணுமாம்."

"இருந்துட்டா? எங்க முப்பாட்டி அவன் வீட்ல சமைச்சவங்க. கல்யாணமா பண்ணான்? இத ஊரு பூரா தெரியவைக்கணுமா?"

"ஒங்கம்மா கண்ணு பச்சையா இருக்கறது ஊருக்குத் தெரியாதாக்கும்."

"மெதுவாப் பேசு." அவரே குரலைத் தாழ்த்திக் கேட்டார். "அந்த டாக்டர் டைரி கெடச்சிருக்குன்னியே, அதுல எங்க முப்பாட்டியப் பத்தி என்ன எழுதியிருக்கானாம்?"

"சமையல்காரின்னு மட்டுந்தான் இருக்காம்."

"பேரு கூடவா எழுதல?" பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. "கொண்டா அந்தக் குழாய. துப்பித் தர்றேன். கூடவே அவங்க பேரையும் ஒரு பேப்பர்ல பெருசா எழுதி அனுப்பு. தெரிஞ்சுக்கட்டும்."

அவள் பையிலிருந்து பேனாவை எடுத்தாள்.

"சொல்லுங்க. அவங்க பேரு என்ன?"

அவர் போனை எடுத்து அம்மாவின் நம்பரைத் தேடத் தொடங்கினார்.