மழைக்கு மட்டும் தாங்கும் விளக்கு

நெற்றியில் கட்டும் சின்ன விளக்கு வாங்கினால் பெட்டியில் எழுதியிருப்பதை அப்படியே நம்பாதீர்கள், ஐயா. மழைச் சாரல் தாங்கும், தண்ணீரில் மூழ்கக் கூடாது என்றுதான் போட்டிருந்தது. எதையும் சோதிக்காமல் நான் படகில் ஏற்றுவதில்லை. ஒரு வாளி கடல் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன். காலைக் காப்பி நேரத்தில் போட்டது, மதியச் சோறு முடிந்த பிறகும் எரிந்தது.

வாங்கி வந்தவன் தமிழ்வேந்தன். எனக்கொன்று, அவனுக்கொன்று. தலத்தெருக்காரன், எங்கள் சனமில்லை. என் மகள் மதிவதனியைப் பதிவாளர் அலுவலகத்தில் மாலை மாற்றிக் கூட்டிப்போனவன். எங்கள் ஊர் கிளிஞ்சல்மேட்டில் மூன்று தலைமுறையாக முதல் வார்த்தை எங்கள் வீட்டு வார்த்தை. அந்த வருடம் கோயிலில் விபூதித் தட்டு என்னைத் தாண்டி அடுத்தவரிடம் போனது. அதுவரை அது முதலில் நீண்டது எனக்குத்தான்.

மறு வருடம், என் படகில் ஆள் குறைவென்று கேள்விப்பட்டு அவனே வந்து நின்றான்.

"ஆத்துல நீந்துனதெல்லாம் கடலுக்கு ஆவாது" என்றேன்.

"அரசலாறும் கடலுக்குத்தானே மாமா போவுது. நானும் அதுகூடவே வந்தேன்னு வச்சுக்குங்க."

நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். கெட்டிக்காரன். ஒரே மாதத்தில் முடிச்செல்லாம் கற்றுக்கொண்டான். கடலில் விழுந்தால் கத்தி மூச்சை வீணாக்காதே, விளக்கைக் கையால் மூடி மூடி மூன்று தரம் காட்டு என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன். ஆனால் ஒருநாளும் அவனை மாப்பிள்ளை என்று கூப்பிட்டதில்லை.

அன்று நாங்கள் இருவர்தான் படகில். விடியுமுன் வலை இறக்கும்போது கால் வழுக்கி அவனாகத்தான் விழுந்தான். நான் தள்ளவில்லை, அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். திரும்பிப் பார்த்தபோது விளக்கு தெரிந்தது. மூன்று தரம். சற்றுப் பொறுத்து மறுபடி மூன்று தரம். "மாமா" என்று ஒரே ஒரு முறை கேட்டது. அதற்குப் பிறகு அவன் கத்தவில்லை. சொன்னதைக் கேட்கிற பிள்ளை.

ஆள் விழுந்தால் வலையை அறுத்துவிட்டாவது எல்லாப் படகும் வந்து தேட வேண்டும் என்பது எங்கள் ஊர் வழக்கம். நான் அதை மீறவில்லை. நீரோட்டம் தெற்கே இழுத்துக்கொண்டிருந்தது. வடக்கே அரை மணி நேரம் ஓட்டிப்போய், அங்கிருந்து வயர்லெஸ்ஸில் கூப்பிட்டேன்.

"விளக்கு எதாச்சும் தெரியுதா பெரியப்பா?" என்று என் தம்பி மகன் காத்தமுத்து கேட்டான்.

"அது மழைக்குத் தாங்குற விளக்குடா. இந்நேரம் அணைஞ்சிருக்கும். இங்கதான் விழுந்தான், இங்கயே தேடுங்க."

இருபத்திரண்டு படகு வந்தது. ஒன்றுகூடத் தெற்கே திரும்பவில்லை. என் பேச்சுக்கு அன்று பழைய மதிப்பு இருந்தது.

மதிவதனி என்னிடம் ஒன்றுதான் கேட்டாள். "ரொம்ப நேரம் தவிச்சிருப்பாராப்பா?"

"இல்லம்மா. பத்து நிமிஷத்துல விளக்கு அணைஞ்சிடுச்சு. அதோட போயிட்டான்."

அந்தப் பத்து நிமிடத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவள் பதினாறு நாளும் இரண்டு வாய் சோறு தின்றாள். தகப்பனாக அதையாவது கொடுத்தேன்.

நேற்று வீட்டுக்குள் நுழைந்தபோது அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். எதிரே வாளி. அதன் அடியில் எனக்கென்று அவன் வாங்கிய விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"காலையில எட்டு மணிக்குப் போட்டேம்ப்பா" என்றாள்.

அப்போது மணி நாலு. அவள் அழவில்லை. எடுக்கலாம் என்று நான் குனிந்தேன்.

"தொடாதீங்க" என்றாள். என்னை வேற்றாளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். இந்த அறுபத்தெட்டு வயதில் எதுவும் என்னை அப்படி அறுத்ததில்லை.

அதனால்தான் நானே வந்தேன். போலீஸ் வந்து எங்கள் வீட்டு வாசலில் நின்றது என்ற பேச்சு வரக் கூடாது. ஆமாம், அவனை உயிரோடு, எரிகிற விளக்கோடு கடலில் விட்டுவிட்டுத்தான் வந்தேன்.

கையெழுத்து எங்கே போட வேண்டும்? கொஞ்சம் சீக்கிரம் முடித்துவிடுங்கள், ஐயா. தை பிறந்ததும் மதிவதனிக்கு மாப்பிள்ளை பார்க்க வேண்டும். இந்த முறை ஊர் கூட்டி, பந்தல் போட்டு, நானே முன்னால் நின்று நடத்துவேன். அவளும் அதைத்தான் விரும்புவாள்.