கடைசியாக ஏற்றிய படம்

படங்களைச் சின்னதாக்கிப் போட்டால்தான் பக்கம் சீக்கிரம் திறக்கும். இதை எத்தனை பேருக்குச் சொன்னாலும் மண்டையில் ஏறாது. கல்யாண ஆல்பத்தையே தூக்கிக்கொண்டு வந்து நீட்டுவார்கள். நீங்கள் போலீஸ்காரர், உங்களுக்கு இது வேண்டாத பேச்சாகத் தோன்றலாம். என் தொழில் இது என்பதால் இங்கிருந்து தொடங்குகிறேன்.

தம்பானூர் ரயில் நிலையத்திலும் பஸ் ஸ்டாண்டிலும் வழிதவறி நிற்பவர்களைக் கூட்டிப்போய்ப் பார்த்துக்கொள்ளும் இல்லம் அது. பொறுப்பாளர் ராஜபாய் அக்கா. இல்லத்துக்கு ஒரு இணையதளம் வேண்டுமென்று 2002-இல் எங்களிடம் வந்தார். எங்களிடம் என்றால், என்னிடமும் லிங்கராஜிடமும். ஒரு லாட்ஜ் மாடியில் இருவரும் சேர்ந்து கம்ப்யூட்டர் சென்டர் நடத்திக்கொண்டிருந்தோம்.

ஆளுக்கு ஒரு பக்கம். அதில் முகம், பெயர், ஊர், எங்கே கிடைத்தார் என்ற விவரம். வீட்டார் எங்கிருந்தாலும் பார்த்துவிட்டு வந்து அழைத்துப்போகலாம். சார்ட் பேப்பரில் இதையெல்லாம் வரைந்தது நான். லிங்கராஜ் டீ வாங்கி வந்தான். கிண்டல் இல்லை, உண்மையிலேயே அதைத்தான் செய்தான். தொடக்க விழாவில் திரை வெளிச்சமானபோது பக்கத்தின் அடியில் ஒரே ஒரு பெயர் இருந்தது. வடிவமைப்பு: லிங்கராஜ். எனக்குத் தெரியாமல் அவனே போட்டது. அதைக் காட்டியே கழக்கூட்டத்தில் ஒரு கம்பெனியில் வேலையும் வாங்கிவிட்டான்.

கேட்டதற்கு, "ஒத்த வரிதானல ஜெயா, இதுக்குப் போயி மூஞ்சியத் தூக்குத" என்றான்.

என் அறையில் படுத்தவன், என் தட்டில் சாப்பிட்டவன். எனக்கு வயிறு எரிந்தது. இன்றைக்கும் எரிகிறது. தளத்தைப் பராமரிக்கும் வேலை மட்டும் என் தலையில் விழுந்தது. அதை ஒழுங்காகவே செய்தேன். படம் பார்த்து வந்து, அம்மாவையோ அண்ணனையோ கூட்டிப்போனவர்கள் நிறையப் பேர்.

மறு வருஷம் சித்திரையில் ராஜபாய் அக்கா கொடுத்த படங்களில் லிங்கராஜின் அப்பா இருந்தார். பேச்சிமுத்து, சங்கரன்கோவில்காரர். மகனைப் பார்க்க வரும்போதெல்லாம் எனக்கும் சேர்த்துக் கருப்பட்டி மிட்டாய் கொண்டுவருவார். இந்தத் தடவை ரயிலைவிட்டு இறங்கியவர், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வாய் கோணிக் கிடந்திருக்கிறார். பக்கவாதம். பேச்சு போய்விட்டது. பையும் போய்விட்டது.

நான் இல்லத்துக்குப் போனபோது இடது கையால் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"ஆரையும் தொடாத மனுசன்" என்றார் ராஜபாய் அக்கா. மகனே என்பதுபோல என்னை எப்போதும் 'மோனே' என்றுதான் கூப்பிடுவார். "மோனுக்கு இவர அறியுமா?"

"இல்லக்கா."

யோசித்துச் சொல்லவில்லை, வாயில் வந்தது. பிறகு மாற்றிச் சொல்ல எனக்கு ஒரு காரணமும் அகப்படவில்லை. படத்தை ஏற்றியாச்சா என்று கேட்டார். ஆச்சு என்றேன். இல்லத்தில் கம்ப்யூட்டர் கிடையாது, திறந்து பார்க்க அவருக்கு வழியில்லை.

அந்த வாரமே லிங்கராஜ் வந்தான். ஆள் பாதியாகியிருந்தான். "அப்பாவக் காணலல. உன் சைட்டுல எல்லாப் பக்கமும் பாத்துட்டேன். இல்லத்துக்கு ஒரு எட்டு நேர்லயே போயிட்டு வந்திரட்டா?"

"அங்க உள்ள எல்லா முகமும் என் கையில வந்துதான் போகுது. வெறுதே அலையாத" என்றேன். அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் அவன் கம்பெனியிலிருந்து யாரோ தளத்தைத் திறப்பது எனக்குத் தெரியும். தளத்துக்கு யார் வந்து போகிறார்கள் என்று நான் பார்க்க முடியும். அதைப் பார்த்துவிட்டுத்தான் என் வேலையைத் தொடங்குவேன். பெரியவரை நான் கைவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். இல்லத்துக்குப் போகும்போதெல்லாம் ரஸ்க்கை டீயில் நனைத்து ஊட்டினேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டு சாப்பிடுவார்.

ஆடி மழையில் சளி நெஞ்சில் கட்டி இறந்துபோனார். ராஜபாய் அக்கா போனில் அழுதார். "படம் கண்டும் ஒருத்தரும் வரல்லியே மோனே. மரிச்ச விவரத்தையும் சேத்துப் போடு. அடக்கம் பண்ணவாவது ஆராவது வரட்டு."

அன்று மத்தியானமே பக்கத்தைக் கட்டி ஏற்றினேன். மறுநாள் காலையில் லிங்கராஜ் அதன் அச்சுப் பிரதியோடு இல்லத்துக்கு ஓடிவந்தான். அப்பாவைப் புதிதாகக் கொண்டுவந்தார்கள் என்று நினைத்துவிட்டான். அவர் காலைப் பிடித்துக் கதறினான். பிறகு, அங்கே நின்ற என்னைக் கட்டிக்கொண்டு, "நீ இல்லன்னா அநாதப் பொணமாப் பொதச்சிருப்பாங்கல" என்றான். எனக்கு நன்றாக இருந்தது. அதையும் மறைக்கவில்லை.

ராஜபாய் அக்கா அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார்.

"வாய் பேசாத மனுசன். பேரும் ஊரும் மோனுக்கு ஆரு சொன்னா?"

நீங்களும் அதைத்தான் கேட்கிறீர்கள். யாரும் சொல்லவில்லை. முதல் நாளே எனக்குத் தெரியும். தெரிந்தேதான் மறைத்தேன். லிங்கராஜ் தேட வேண்டும், கிடைக்கக் கூடாது என்பதற்காகவே செய்தேன். அந்தப் பக்கத்தில் 'பெயர் தெரியவில்லை' என்று போட்டிருந்தால் இன்று உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்க மாட்டேன். எனக்குக் கை வரவில்லை. நான் கட்டிய தளத்தில் பொய் எழுத என்னால் முடியாது.