அக்கா தோட்டத்து இலைகள்

பீச் இலையை அரைத்தால் வாதுமை வாசனை வரும். எங்கள் சோதனைக்கூடத்தில் புதிதாகச் சேருகிறவர்கள் முதல் நாள் அதை மோந்துவிட்டு, யாரோ பிஸ்கட் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று மேஜை மேஜையாகத் தேடுவார்கள். நானும் தேடியிருக்கிறேன். நீங்கள் கேட்டது சோதனையைப் பற்றி என்பதால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஐயா.

இலையில் ஓட்டை விழுந்தால் பாக்டீரியா நோயாகவும் இருக்கலாம், மருந்தைத் தூக்கலாக அடித்ததாகவும் இருக்கலாம். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் இலையை அரைத்து, மரபணுவைப் பிரித்தெடுத்து இயந்திரத்தில் வைப்போம். அந்த பாக்டீரியாவின் மரபணு இம்மியளவு இருந்தாலும் இயந்திரம் அதைப் பெருக்கிக் காட்டும், திரையில் கோடு மேலே ஏறும். இல்லையென்றால் கோடு படுத்தே கிடக்கும். இயந்திரம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க, நோய்க்கிருமியின் மரபணு இருக்கும் குப்பி ஒன்றையும் கூடவே வைப்போம். அந்தக் குப்பி என் பொறுப்பில் இருந்தது.

என்னை வளர்த்தது அக்காதான். அம்மா போனபோது எனக்கு விவரம் தெரியாத வயது, அவளுக்கும் ஒன்றும் பெரிய வயதில்லை. எனக்குத் தலை பின்னிவிட்டு, காய்ச்சலில் பக்கத்திலேயே உட்கார்ந்து, கல்யாணத்தையும் எனக்காகத் தள்ளிப்போட்டாள். அத்தான் இறந்ததும் ஊரில் இருந்த பீச் தோட்டத்தை விட்டுவிட்டு என்னோடு வந்துவிடுவாள் என்று நினைத்தேன். ஒரு அறையை ஒழித்து, திரை மாட்டி, கட்டில் போட்டு வைத்தேன்.

"மரத்த யாரு பாத்துக்குவா?" என்றாள் அக்கா.

"என்ன யாரு பாத்துக்குவா?" என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டேன்.

"உனக்கென்னடி, வாயிருக்கு, பொழச்சுக்குவ. அதுங்களுக்கு வாயா இருக்கு?"

மரத்தைப் பார்த்துப் பொறாமைப்படும் அளவுக்கு எனக்குப் பைத்தியம் பிடித்துவிடவில்லை. இடுப்புவலியை வைத்துக்கொண்டு ஏணியில் ஏறுகிறாளே என்ற கவலைதான். அந்தக் கட்டில் ஆளில்லாமல் கிடந்தது எனக்குத் தாங்க முடியவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த வருஷம் அவள் தோட்டத்து இலைகளில் ஓட்டை விழுந்தது. பயந்துபோய்ச் சோதனைக்கு அனுப்பினாள். எங்களுக்கு வரும் பைகளில் எண் மட்டும்தான் இருக்கும், யாருடையது என்று தெரியக் கூடாது. ஆனால் அக்காவின் பை எனக்குத் தெரியாதா? ஒவ்வொரு இலையையும் துடைத்து, காம்பெல்லாம் ஒரே பக்கம் இருக்கும்படி அடுக்கியிருந்தாள், பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையைச் சீவிச் சிங்காரித்து அனுப்புவதுபோல.

கோடு ஏறவில்லை. மருந்து அதிகமானதால் வந்த ஓட்டைகள், அவ்வளவுதான். எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது, கொஞ்ச நேரத்துக்கு. பிறகு மறுசோதனை செய்தேன், அது வழக்கம்தான். அதில் குப்பியிலிருந்து ஒரு துளி சேர்த்தேன். கோடு அழகாக ஏறியது. முதல் முடிவை அழித்துவிட்டேன். அழிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன், அதை வைத்துத்தானே என்னைப் பிடித்தீர்கள்.

இந்த நோய் இந்தப் பக்கத்துக்குப் புதிது. ஒரு மரத்தில் கண்டாலும் தோட்டம் முழுவதையும் பிடுங்கி எரிக்க வேண்டும் என்பது விதி. விதியை நான் போடவில்லை. எரித்த அன்று நான் அக்காவின் பக்கத்தில்தான் நின்றேன். பிஞ்சோடு இருந்த மரங்கள். அவள் வாய்விட்டு அழவில்லை, என் முந்தானையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அதுவரை அவள் எதற்கும் என்னைப் பிடித்துக்கொண்டதில்லை.

பிறகு என் வீட்டுக்கு வந்தாள். இந்த நோய் கிளை வெட்டும் கத்தரி வழியாகவும் பரவும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒருமுறை கத்தரியைக் கழுவ மறந்தது அவள் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. அன்றிலிருந்து பிளீச்சிங் தண்ணீரில் கையை ஊறவைக்க ஆரம்பித்தாள். தோல் வெடித்து ரத்தம் வந்தது. தினமும் வேலை முடிந்து வந்ததும் அவள் கையை மடியில் வைத்து மருந்து தடவிவிடுவேன். குழந்தைபோல நீட்டுவாள். ஐயா, மறைப்பானேன், என் வாழ்க்கையில் நான் சந்தோஷமாக இருந்த மாதங்கள் அவைதான்.

எரிப்பதற்கு முன்பே ஒரு குச்சியை வெட்டி ஒளித்துவைத்து, தொட்டியில் வேறு கன்றோடு ஒட்டுக் கட்டி, மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வைத்திருந்தாள். எனக்கே தெரியாது. அது துளிர்த்ததும் ஒரு இலையைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்து நீட்டினாள்.

"இதுல இருக்கான்னு பாருடி. இல்லன்னா நான் ஊருக்கே போயிடறேன். ஒண்ணுலேர்ந்து தோட்டத்தயே உண்டாக்கிடுவேன், பாரேன்."

எத்தனையோ நாளைக்குப் பிறகு சிரித்தாள். இலையை வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

இந்த முறை ஒரு துளியும் சேர்க்கவில்லை. ஒழுங்காகத்தான் செய்தேன். கோடு படுத்தே கிடந்தது. திரையை அணைத்துவிட்டு, வழியில் அவளுக்குப் பிடித்த பழங்கள் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

"இருக்குக்கா," என்றேன்.

அவள் மாடிக்குப் போய்ச் செடியைப் பிடுங்கிவந்து, அடுப்பைப் பற்றவைத்து, இலை இலையாகப் பிய்த்துத் தீயில் காட்டினாள். பச்சையில் நெருப்பு சரியாகப் பிடிக்கவில்லை. கடைசியில் கேட்டாள்.

"எல்லாம் என் கையாலதானே?"

இல்லையென்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் முகத்தைப் பார்த்தேன்.

"இருக்கலாம்க்கா," என்றேன்.

அவ்வளவுதான் நடந்தது. எங்கே கேட்டாலும் கையெழுத்துப் போடுகிறேன், வேலை போனாலும் சிறைக்கு அனுப்பினாலும் எனக்கு வருத்தமில்லை. ஒன்றே ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். அக்காவிடம் இதைச் சொல்லாதீர்கள். மரங்கள் நன்றாகத்தான் இருந்தன என்று தெரிந்தால் அவள் உடைந்துபோவாள். அவளை அந்த அளவுக்கு நோகடிக்க எனக்கு மனசு வராது.