உலர்ந்த குளோரின்

இந்த அறையின் ஜன்னல் கம்பிகளுக்குப் பெயிண்ட் அடித்தவர் துருவைச் சுரண்டாமலேயே அடித்திருக்கிறார். அடுத்த மழைக்குள் உரிந்துவிடும். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் ஐயா, தொழில் பழக்கம்.

எங்கள் தொழிற்சாலை கடலோரத்தில் இருக்கிறது. உப்பிலிருந்து குளோரின் வாயு தயாரிக்கிறோம், இயந்திரங்களைக் கடல்நீரால் குளிர்விக்கிறோம். எந்தக் குழாய்க்கு எந்த உலோகம் என்று சொல்வது என் வேலை. நான் சரி என்று சொல்லாமல் ஒரு திருகாணிகூட அங்கே ஏறாது. பெண்ணுக்கு வரன் பார்ப்பது மாதிரிதான் இதுவும். ஆள் நல்லவனா என்று கேட்டால் போதாது, எந்த வீட்டுக்கு என்றும் கேட்க வேண்டும்.

எவர்சில்வரை எல்லோரும் நம்புகிறார்கள். கடல்நீரில் போட்டால் அது மேலே கண்ணாடி மாதிரிப் பளபளக்கும். ஆனால் வாஷருக்கு அடியில், காற்றுப் புகாத மூலையில், ஊசிமுனையளவு ஓட்டை விழுந்து உள்ளே தின்றுகொண்டே போகும். பளபளப்பை நம்பக் கூடாது என்று அதனிடம்தான் கற்றுக்கொண்டேன்.

என் தங்கையின் குடும்பமும் அப்படித்தான் பளபளத்தது.

அப்பா அம்மா போன பிறகு அவளைக் கண்ணுக்குள் வைத்து வளர்த்தவன் நான். எனக்கென்று ஒரு கல்யாணத்தைப் பற்றி யோசிக்கவே நேரமில்லை. அவளாகப் பார்த்து ஒருவரைக் கட்டிக்கொண்டாள். எங்கள் தொழிற்சாலையிலேயே கடல்நீர்ப் பம்பு நிலையத்தில் இருந்தவர். நல்ல வேலைக்காரர், நான் மறுக்கவில்லை. அவர்கள் வீட்டுக்குப் போனால் சிரிப்புச் சத்தம் படிக்கட்டிலேயே கேட்கும்.

“மச்சான், உங்க தங்கச்சி பாட ஆரம்பிச்சா குழாய்ல தண்ணியே நின்னுடுது” என்பார் மாப்பிள்ளை. அவள் கைத்துண்டால் அவர் முதுகில் ஒன்று போடுவாள். அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து சிரிப்பார்கள்.

ஒரு குறைகூட அவள் என்னிடம் சொன்னதில்லை. நானும் கேட்டுக் கேட்டுப் பார்த்தேன். “நான் நல்லாத்தான் இருக்கேண்ணா, நீ முதல்ல வேளாவேளைக்குச் சாப்பிடு” என்பாள். குறையே இல்லாத குடும்பம் எங்காவது உண்டா? உள்ளே அரித்துக்கொண்டிருக்கிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது. வேறு ஊருக்கு மாற்றல் கேட்டிருக்கிறோம் என்று அவள் உற்சாகமாகச் சொன்ன அன்று, இனிமேலும் தள்ளிப்போட முடியாது என்பதும் புரிந்தது.

மாற்றல் வரும்வரை மாப்பிள்ளையைக் குளோரின் பிரிவில் பொறுப்பாகப் போட்டிருந்தார்கள். அங்கே உலர்ந்த குளோரின் போகும் குழாயில் ஓர் இரும்பு வடிகட்டி வலை. சுத்தம் செய்யத் திறக்கும்போதெல்லாம் கடற்காற்றுப் பட்டுத் துருப்பிடித்துவிடும். ஒரு மதியம் என் மேஜைக்கு வந்தார்.

“பம்பு ஸ்டேஷன்ல டைட்டானியம் போட்டதுலேர்ந்து ரிப்பேர்னு கையே வைக்கல. ஈரமான குளோரின் லைன்லயும் அதான் ஓடுது. இந்த வலையையும் டைட்டானியத்துலயே போட்டுடலாமா மச்சான்?”

கடல்நீரில் வேலை பார்த்தவர்களுக்கு இந்த மயக்கம் உண்டு. டைட்டானியத்தைக் காப்பாற்றுவது அதன்மேல் இருக்கும் மெல்லிய தோல். தோல் கிழிந்தால் மறுபடி வளரக் கொஞ்சம் ஈரம் வேண்டும். ஈரமே இல்லாத குளோரினில் அது விறகாக எரியும். விலை மலிவான இரும்பு சமாளிக்கிற இடம் அது.

“தாராளமா போடுங்க மாப்பிள்ளை” என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. “நீங்க சொல்லிட்டா அப்புறம் என்ன மச்சான்.”

புதிதாக எதை மாட்டினாலும், முதல் தடவை வால்வு திறக்கும்போது ஆட்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு அவரேதான் பக்கத்தில் நிற்பார். அது எனக்குத் தெரியும். அவரிடம் வேலை பார்த்தவர்கள் அவர்மேல் உயிரையே வைத்திருந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

புது வலையை மாட்டி வால்வைத் திறந்ததும் அது தீப்பிடித்துக் குழாய் உடைந்துவிட்டது. தள்ளி நின்ற இரண்டு ஃபிட்டர்களும் அவரை இழுக்க ஓடி வந்திருக்கிறார்கள். வாயு அவர்களையும் விடவில்லை. அதை நான் யோசித்திருக்கவில்லை. வருத்தம்தான்.

தங்கையை என் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டேன். அவளுடைய பழைய அறையை ஒழித்துக் கொடுத்தேன். சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள், தட்டில் வைத்தது வைத்தபடி இருக்கும். நாளாக ஆகச் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டேன். இன்று காலையில்தான் வாய் திறந்தாள்.

“அந்த வலையை மாத்தலாம்னு நீ சொன்னதா அவர் அவ்ளோ சந்தோஷமா வந்து சொன்னார். அது எரியும்னு இப்ப எல்லாரும் சொல்றாங்க. உனக்குத் தெரியாதாண்ணா?”

அவளிடம் நான் பொய் சொன்னதே இல்லை. “தெரியும்மா. உனக்காகத்தான் செஞ்சேன்” என்றேன். அவள் அழவில்லை. என்னை யாரோ மாதிரிப் பார்த்தாள். செருப்புக்கூடப் போடாமல் வெளியே போய்விட்டாள்.

இங்கேதான் வந்தாள் என்பது நீங்கள் சொல்லித்தான் தெரியும். ஆமாம் ஐயா, மாப்பிள்ளையைக் கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். என்னைப் பற்றி அவள் என்ன சொல்லியிருந்தாலும் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள், குழந்தை அவள். இன்னும் வெளியே பெஞ்சில்தான் இருக்கிறாளா? இருட்டுவதற்குள் அவளை வீட்டுக்குப் போகச் சொல்லுங்கள். அந்த வீட்டுக்கு இல்லை, எங்கள் வீட்டுக்கு.